நடைக்கு ஒரு மெட்டு

தேவாலயத்தின் பெரிய கதவு திறந்திருந்தது. வெளியே சுண்ணாம்பு மலையின் மேல் பாதி இன்னும் பனிக்குள் இருந்தது. வாசலில் ஸ்டெல்லா வெள்ளைப் புடவையில் நின்றாள். அவள் கையைத் தன் வலது முழங்கைக்குள் வாங்கிக்கொண்டு அவள் அப்பா ஆரோக்கியம் அண்ணன் நின்றார்.

நான் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேசையில் என் ஜப்பான் கீபோர்டு. இடது கை, வேகத்தை மாற்றும் திருகின் மேல். வலது ஆள்காட்டி விரல் ஸ்டார்ட் பொத்தானின் மேல், அழுத்தாமல்.

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். நான் அவள் அப்பாவின் காலில் இருந்த கறுப்புச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலிலிருந்து பீடம் வரை அவர் மகளை நடத்திக்கொண்டு வர வேண்டும். எல்லா அப்பாக்களும் நடக்கிற தூரம்தான். ஆனால் அவருக்குச் சில நாள் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவதே நடக்காத காரியம். நின்ற இடத்தில் கால் ஒட்டிக்கொண்டுவிடும். அந்தக் கால்கள் இந்தக் கீபோர்டுப் பெட்டியின் சத்தத்துக்கு நகரும் என்பது அந்தத் தேவாலயத்தில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும்.

அது எண்பதுகளின் நடுவில் ஒரு காலை. வருடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மெழுகுவர்த்தி வாசனையும், ஸ்டெல்லாவின் தலையிலிருந்த மல்லிகை வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி

மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தை முதலாளி விற்றுவிட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஈப்போவுக்கு வந்து, குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினோம். எனக்கு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

நீல மேலங்கி போட்டுக்கொண்டு ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும். சின்னப் பச்சைப் பலகை ஒன்று வரும். அதில் மூன்று இடத்தில் ஈயம் ஒற்றி அனுப்பினால் அடுத்தது வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கோ இருக்கும் ஒருவர் பெல்ட்டின் வேகத்தை ஒரு பொட்டு கூட்டுவார். யாரும் எங்களிடம் சொல்வதில்லை. ஆனால் வரிசையில் இருக்கும் எல்லாப் பெண்களின் தோளும் ஒரே சமயத்தில் கொஞ்சம் உயரும். வேகம் என்பது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும் என்பதை நான் அங்கேதான் கவனித்தேன்.

தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியிருந்தேன். அந்தத் தைரியத்தில் ஆரோக்கியம் அண்ணனின் இசைக்குழுவில் சேர்ந்தேன். அவர் எங்கள் வரிசையிலேயே நாலாவது வீடு. ஐம்பதைத் தொட்ட வயது. ரயில்வேயில் வேலை. மனைவி முன்பே தவறிவிட்டார். வீட்டில் அவரும் மகள் ஸ்டெல்லாவும் ஓர் அக்கார்டியனும்தான். அக்கார்டியனை அவர் நெஞ்சில் மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டு ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

தபேலாவுக்குக் காசிம் பாய். பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு நேராக ஒத்திகைக்கு வருவார். விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அக்கா கணவர் ஒருமுறை வரும்போது அந்தக் கீபோர்டைக் கொண்டுவந்தார். ஒரு சின்னப் பிள்ளையின் நீளம். மேலே வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் தொழிற்சாலையிலேயே ஒரு குரலை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒன்றை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் வயலின் கூட்டம். பிரீசெட் என்று அதற்குப் பெயர்.

என்னை மயக்கியது அது அல்ல. நாம் விரும்பிய சுரங்களை ஒவ்வொன்றாக அழுத்தி அதற்குள் வரிசையாக ஏற்றிவைக்கலாம். சத்தமே இல்லாத காலி இடத்தையும் ஏற்றலாம். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் பெட்டி தானாக அந்த வரிசையை வாசிக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். திருகை வலப்பக்கம் திருப்பினால் வேகம், இடப்பக்கம் திருப்பினால் நிதானம்.

வேலை முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து சுரங்களை ஏற்றுவேன். மழைக்குப் பிந்திய வெயிலில் மலை வெள்ளையாக மின்னும். மிக மெதுவாக வைத்து ஓடவிட்டால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய அறை இருப்பதுபோலவும் நான் அதற்குள் நடமாடுவதுபோலவும் தோன்றும்.

ஏற்றிய வரிசையை ஒலிநாடாவில் பதிந்து வைக்கவும் முடியும். ஆனால் அந்த நாடாவைப் போட்டுக் கேட்டால் சங்கீதம் வராது, பெட்டிக்கு மட்டும் புரிகிற ஒரு கீச்சொலிதான் வரும். காசிம் பாய் ஒருமுறை கேட்டுவிட்டு, "என்னா தங்கச்சி, டின்னுக்குள்ள எலி மாட்டிக்கிச்சா?" என்றார்.

லயம்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நாங்கள் தோட்டத்தில் குடியிருந்த நீள வீட்டு வரிசையை லயம் என்போம். பத்து வீட்டுக்கு ஒரே கூரை. சங்கீதத்தில் லயம் என்றொரு சொல் இருப்பது ஆரோக்கியம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"லெச்சுமி, லயம் தப்புது" என்று முதல் நாள் அவர் சொன்னபோது, நான் எங்கள் பழைய வீட்டைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று விழித்தேன். காசிம் பாய் சிரித்துச் சிரித்துத் தபேலா மேலேயே சாய்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். இதற்கும் கதைக்கும் பெரிய தொடர்பில்லை. எழுதும்போது ஞாபகம் வந்தது.

சண்டை

பெட்டியைப் பெருமையாக ஒத்திகைக்குத் தூக்கிப் போனேன். ஒரு பாட்டுக்கான தாளத்தையும் அடிச்சுரங்களையும் முந்தின நாளே ஏற்றியிருந்தேன். ஓடவிட்டேன். முதல் இரண்டு வரிகள் சொர்க்கம்போல இருந்தன.

ஆரோக்கியம் அண்ணனுக்கு ஒரு பழக்கம். பல்லவியின் கடைசியில் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூடவே இழுப்போம். அன்றும் இழுத்தார். பெட்டி இழுக்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவர் அடுத்த வரிக்கு வந்தபோது அது அதற்கடுத்த வரியில் இருந்தது.

அவர் அக்கார்டியனை மூடினார். "நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

"அதுக்குக் காத்திருக்கத் தெரியல. அதோட வாசிக்க என்னால முடியாது."

"அண்ணே, நீங்க அதோட சேந்து போனா சரியா வரும்..."

"நான் எதுக்குமா அதோட போவணும்? இனிமே இத என் வீட்டுக்குள்ள கொண்டு வராத."

காசிம் பாய் தபேலாவின் வாரை இழுத்துச் சரி செய்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபத்தில் இரண்டு வாரம் ஒத்திகைக்குப் போகவில்லை. போனபோது பழைய ஆர்மோனியத்தோடுதான் போனேன்.

நடுக்கம்

அடுத்த வருடம் அவருடைய இடது கை நடுங்க ஆரம்பித்தது. அக்கார்டியனின் துருத்தியை இழுப்பது அந்தக் கைதான். முதலில் களைப்பு என்றார். பிறகு சுரங்கள் நடுங்கி வரத் தொடங்கின. ஒருநாள் ஒத்திகையின் நடுவில் வாரைக் கழற்றிக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கால். நன்றாக நடந்து வருவார், கதவு நிலையைக் கண்டதும் நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ரயில்வே வேலையை விட்டார். எங்கள் குழுவும் அத்தோடு நின்றது.

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை தஞ்சோங் மாலிமில் ஆசிரியர். ஒருநாள் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தப்பாவோட கோயிலுக்குள்ள வந்துருன்னு அப்பா சொல்லுறாரு லா அக்கா." 'லா' எங்கள் ஊர்ப் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் மலாய்ச் சொல்.

"நீ என்ன சொன்ன?"

"நாற்காலியில வெச்சுத் தள்ளிட்டுப் போறேன்னு சொன்னேன். அதுக்கு, 'நான் சாமான் இல்ல'ன்னு சொல்லிட்டாரு. ரெண்டு நாளா பேசல."

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"நிப்பாட்டாதீங்க!"

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மாலை வெயில். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டியில் ஏற்கெனவே இருந்த ஓர் அணிவகுப்புத் தாளத்தின் மேல் எதையோ ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் எங்கோ இருந்தது.

வெளியே ஸ்டெல்லாவின் அலறல் கேட்டது. "லெச்சுமிக்கா! லெச்சுமிக்கா!"

பயந்துபோய் பெட்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். ஆரோக்கியம் அண்ணன் சந்தின் நடுவில் சிலைபோல நின்றார். ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"நிப்பாட்டாதீங்க லா! அப்பா கான் பலகையில மாட்டிக்கிட்டாரு. நீங்க வாசிச்சதும் கால் வந்துச்சு. நீங்க நிப்பாட்டவும் மறுபடி நின்னுட்டாரு!"

கான் என்றால் எங்கள் ஊரில் சாக்கடை வாய்க்கால். அதன் மேல் போட்ட பலகை அவருக்குப் பெரிய ஆறு.

ஓடிப்போய்ப் பெட்டியை மறுபடி ஓடவிட்டேன். எங்கே நிறுத்தினாலும் அது முதல் சுரத்திலிருந்துதான் தொடங்கும். முதல் தட்டு விழுந்ததும் வலது கால் எழுந்தது. அடுத்த தட்டுக்கு இடது கால். நேராக என் வீட்டு வாசல் வரை வந்தார். வந்து நின்று ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. வேண்டாத ஆளிடம் உதவி வாங்கிய முகம்.

"இந்தப் பொட்டிக்கா நான் நடக்கணும்?" என்றார்.

மூன்று நாள் அவர் வரவில்லை. நாலாம் நாள், நான் வேலை முடிந்து வந்த நேரம், ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்ட மாத்து. போலிஸ் பேண்டு மாதிரி இருக்கு. என் புள்ள கல்யாணத்துக்கு நான் அதுக்கா நடப்பேன்?"

அப்படித்தான் அந்த மெட்டு உண்டானது. அவர் பாடினார். குரலும் மெல்ல நடுங்கியது. நான் ஒவ்வொரு சுரமாக ஏற்றினேன். "இங்க ஒன்னும் வேணாம், சும்மா விடு" என்பார். காலி இடம் ஒன்றை ஏற்றுவேன். பெட்டிக்குள் கொஞ்சம் சுரங்களுக்குத்தான் இடம் இருந்தது. நிறைந்துவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. அவர் யோசித்து எங்காவது ஒரு சுரத்தை எடுத்துவிடச் சொல்வார். எடுக்க எடுக்க மெட்டு அழகாகிக்கொண்டே போனது.

வேகம்தான் கடினமாக இருந்தது. கொஞ்சம் கூடினால் கால் பின்னிக்கொள்ளும், கொஞ்சம் குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும். ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் சரியான இடத்தைக் கண்டுபிடித்தேன். திருகுக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

ஒருநாள் தப்பு செய்தேன். அவர் நடந்துகொண்டிருக்கும்போது, ஆர்கன் குரலில் இருந்த மெட்டு புல்லாங்குழலில் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில் பிரீசெட்டை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு பிரீசெட்டுக்குள்ளும் அதற்கென்று ஒரு வேகமும் ஏற்றப்பட்டிருப்பது எனக்குத் தெரியாது. மெட்டு திடீரென்று ஓட்டம் பிடித்தது. அண்ணனும் அதோடு ஓடினார், முழங்கால் தரையில் தேய விழுந்தார்.

நான் அழுதுவிட்டேன். ஸ்டெல்லா ஓடிப்போய் மருந்து எடுத்து வந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தபடியே, "அழுவாத லா. எதனால ஓடுச்சுன்னு பாரு" என்றார்.

அன்றைக்கே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். பதியும் பொத்தானையும் ஆர்கன் பொத்தானையும் சேர்த்து, விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடித்தால் நம்முடைய வேகம் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆர்கன் பொத்தானை எப்போது தொட்டாலும் அது ஆரோக்கியம் அண்ணனின் வேகத்தில்தான் தொடங்கியது.

காசிம் பாய் தேவாலயத்துக்குப் போய் அடி எண்ணிக்கொண்டு வந்தார். "என் காலுக்கு நாப்பத்திரெண்டு தங்கச்சி. அண்ணே காலுக்கு அறுவது வெச்சுக்க. சாமியார் என்னைப் பார்த்து, 'யாருய்யா நீ'ன்னு கேட்டாரு. மாப்பிள்ளைக்கு மாமன்னு சொல்லிட்டேன்."

சாமியார் நல்ல மனிதர். இரண்டு மாலை தேவாலயத்திலேயே நடந்து பழக அனுமதித்தார். இரண்டு முறையும் ஒரு தடங்கலும் இல்லாமல் அண்ணன் பீடம் வரை வந்துவிட்டார்.

அறுபது அடி

அன்று காலை அவர் கட்டை விரலை உயர்த்தினார். அதுதான் எங்கள் சைகை. நான் ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

முதல் தட்டு. வலது சப்பாத்து எழுந்தது. ஆர்கன் குரலில் அவருடைய மெட்டு கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பத்து அடி. இருபது அடி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். அவர்களுக்கு அது மெதுவாக நடக்கிற ஓர் அப்பா, அவ்வளவுதான்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

நாங்கள் பழகியது மாலையில். காலை வெயில் கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக விழும் என்று யாரும் நினைக்கவில்லை. நடைபாதைக்குக் குறுக்கே சிவப்பும் நீலமுமாக ஒரு பட்டை தரையில் கிடந்தது. கான் பலகையைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெட்டு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

அந்த அமைதியை என்னால் இப்போதும் கேட்க முடியும். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. அவர் கட்டை விரல் உயரும் என்று காத்திருந்தேன். உயரவில்லை. முன் பெஞ்சில் அவர் தம்பி எழுந்திருக்கப் பார்த்தார். பக்கத்திலிருந்த காசிம் பாய் அவர் தொடையில் கை வைத்து உட்கார வைத்தார்.

ஸ்டெல்லா அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு கேட்டபோது சொன்னாள்: "'அவசரமே இல்லப்பா, நாம இல்லாம ஆரம்பிக்க மாட்டாங்க'ன்னேன், லா."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு வாய்க்குள்ளேயே அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் ஸ்டார்ட்டை அழுத்தவே இல்லை. அவர் கால் எழுந்து நீலத்தின் மேல் விழுந்தது. அடுத்தது சிவப்பின் மேல்.

விரலைப் பொத்தான் மேல் வைத்தேன். ஆனால் பெட்டி எப்போதும் முதல் சுரத்திலிருந்துதான் தொடங்கும், அவரோ இரண்டாவது வரியில் இருந்தார். இப்போது அழுத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும். அவர் பாடிய வேகமும் நகப்பூச்சுப் புள்ளியின் வேகம் அல்ல, அதைவிட நிதானம். திருகை இடப்பக்கம் கொண்டுபோனேன். பெட்டியின் விளக்கைப் பார்க்காமல் அவர் சப்பாத்தை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வரியை முடித்து, மூச்சு வாங்கி, மறுபடி முதல் சுரத்துக்கு வந்தார். அந்த அடி தரையைத் தொடும்போது அழுத்தினேன்.

ஆர்கன் அவர் குரலுக்கு அடியில் போய் நின்றது.

கடைசிப் பத்து அடி இருக்கும்போது அவர் வேகத்தை இழுத்துப் பிடித்தார். பல்லவியின் கடைசியில் பிடிப்பாரே, அதேபோல. நானும் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே போனேன். ஒரு சுரம், ஒரு காலி இடம், இன்னொரு சுரம். மாப்பிள்ளையின் கையில் மகளின் கையை வைத்தார். நான் நிறுத்தினேன்.

சாப்பாட்டு மேசை

நோய் ஒன்றும் குணமாகிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் இருந்தார், கடைசி வருடம் படுக்கையில். ஆனால் அது அப்புறம்.

அன்று மதியம் மண்டபத்தில் காசிம் பாய் கடையின் பிரியாணி. ஆரோக்கியம் அண்ணன் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். கரண்டியை வலது கையால் பிடித்து, இடது கையை மேசையோடு அழுத்திக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்.

"கடைசியில நீ வேகத்தக் கொறச்ச."

"ஆமாண்ணே."

"எவ்வளவு?"

"தெரியல. திருகப் பாக்கல."

அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் ஸ்டெல்லா யாரோடோ சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது வரியில ஒரு சுரம் தப்பு" என்றார். "நான் பாடுனது ஒன்னு, நீ ஏத்துனது ஒன்னு. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்."

"எடுத்துடவா?"

"வேணாம். இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழம காசிம வரச் சொல்லியிருக்கேன். நீ அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா."

வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். காசிம் பாய் ஏற்கெனவே தபேலாவோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாடத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் பிளக்கைச் சொருகி விளக்கு வருவதைப் பார்த்துவிட்டு, எந்த வேகத்தில் வைக்கட்டும் என்று கேட்டேன்.

"நீ மொதல்ல ஆரம்பி லா" என்றார். "போகப் போகப் பாத்துக்கலாம்."